பல்லைக் கடிக்கறவன் சாட்சி செல்லாது

ஏங்கண்ணு, உன்ற பொண்டாட்டி கண்ணு செவந்துபோய் வாசல் கூட்டிக்கிட்டிருக்கறா. நீ என்னடான்னா, "நான் பல்லைக் கடிக்கவே இல்லீங்க அப்பிச்சி"ங்கறே. தூங்கறவன் சாட்சியை எந்தக் கோர்ட்டுல கண்ணு ஏத்துக்கறாங்க?

உன்ற அத்தைக்காரி பூச்சி மருந்து குடுக்கச் சொல்லீட்டுப் போயிட்டா. குடி, வவுறு சுத்தமாகும். சத்தம் மட்டும் நிக்காது. பூச்சியே இல்லாத புள்ளைங்களும் நல்லாத்தான் நறநறன்னு கடிக்குதுங்க. எதுத்த வீட்டுக்காரன், உனக்கு யாரு மேலயோ தீராத கோவம்னு கண்டுபுடிச்சிருக்கறான். கவலையும் படபடப்பும் இருந்தாக் கூடும்ங்கறது நெசந்தான். ஆனா அவன் சொன்னது உன்ற பல்லுக்காகவா, பங்காளிச் சண்டையைக் கெளப்பி உடறதுக்கான்னு எனக்குத் தெரியாதா?

நம்ம பெரியவ பேத்தி பல் டாக்டருக்குப் படிக்கறாளே, அவ சொன்னா. கனடாவுல மாண்ட்ரீல்ங்கற ஊர்ல ஜில் லவீன்னு ஒரு பல் டாக்டரு. பல்லைக் கடிக்கறவங்களைக் கொண்டாந்து படுக்கப் போட்டு, விடிய விடிய அவங்க தூங்கறதைப் பதிவு பண்ணி ஆராய்ச்சி பண்ணியிருக்கறாரு. அடுத்தவன் தூங்கறதைப் பாக்கறதுக்கும் ஒரு உத்தியோகம் இருக்குதுன்னு என்ற காலத்துல ஒருத்தனும் எனக்குச் சொல்லல.

மண்டையில, கண்ணோரத்துல, நாடியில, ரெண்டு தாடையிலயும், கன்னப்பொட்டுல, காலுலன்னு வயரா ஒட்டுவாங்களாம். மேல கேமரா, பக்கத்துல மைக்கு. இத்தனையும் மாட்டிக்கிட்டு எவன் தூங்குவான்? அதுக்குத்தான் மொத ராத்திரிக் கணக்கை ஒதுக்கி வச்சுட்டு ரெண்டாவது ராத்திரியை எடுத்துக்கறாங்க. கேமரா எதுக்குன்னு கேட்டேன். எச்சி முழுங்கினாலும், இருமினாலும், தூக்கத்துல ஒளறினாலும் தாடைச் சதை இழுக்குமாம். வயரை மட்டும் நம்புனா அத்தனையையும் கடின்னு எழுதிப் போடும். பாவம், நெனவு தெரியாமத் தூங்கற மனுசன் மேல பொய்க் கேசு.

1996-ல அந்த மாண்ட்ரீல்காரங்க இதுக்கொரு கணக்கு வச்சாங்க. ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு 4 தடவைக்கு மேல தாடை வேலை செய்யோணும். ராத்திரி முச்சூடும் பாத்தா 2 தடவையாச்சும் சத்தம் கேட்டிருக்கோணும். அப்பிடி இருந்தாத்தான் அவன் பல்லைக் கடிக்கறவன். உனக்கெல்லாம் மைக்கே வேண்டாம்; மூணாவது வீட்டுக்காரங்களை விசாரிச்சாப் போதும்.

இதைத்தான் கண்ணு நீ நல்லாக் கேட்டுக்கோணும். கடிக்கறதைப் பல்லு ஆரம்பிக்கறதே இல்லை. சத்தத்துக்கு 4 நிமிசத்துக்கு முன்னாடியே நெஞ்சை வெரசா அடிக்க வைக்கற நரம்பு முழிச்சுக்குது. 4 செகண்டு இருக்கறப்ப மூளையோட அலை வேகமெடுக்குது. ஒரு துடிப்புக்கு முன்னாடி நெஞ்சு படபடங்குது. முக்கால் செகண்டுக்குக் கொஞ்சம் கூட இருக்கறப்ப நாடிக்கு அடியில, வாயைத் தொறக்கற சதை அசையுது. கடைசியிலதான் தாடை இறுகி, நறநற. ஆழ்ந்து தூங்கறப்ப இது கொறைவு. லேசாத் தூங்கறப்ப, முழிப்புத் தட்டப் பாத்துத் தட்டாமப் போற நேரத்துலதான் அதிகம். பல்லு மேல நீ சாத்தற பழியெல்லாம் மூளைக்குப் போக வேண்டியது. மூளை உங்கிட்ட இருக்குதான்னு நான் கேக்கலை, சண்டைக்கு வராதே.

இன்னொண்ணு. சத்தமே போடாதவங்கள்லயும் நூத்துக்கு 60 பேருக்குத் தாடை அசையத்தான் செய்யுது, மாடு கட்டுத்தறியில படுத்துக்கிட்டு அசை போடறாப்பல. உன்னையாட்டம் ஆளுகளுக்கு அது 3 மடங்கு. அவ்வளவுதான் வித்தியாசம். அதனால உன்ற பொண்டாட்டியும் ராத்திரி வாயை அசைக்கறாள்னு பதிலுக்குச் சொல்லலாம். சொல்லீட்டு எங்க படுப்பேன்னு மட்டும் யோசிச்சு வையி.

பல்லு மேலயும் கீழயும் சரியா ஒக்காரலை, ராவிவிட்டாச் சரியாப்போயிரும்னு எவனாவது சொன்னா, செருப்பை மாட்டீட்டு வந்துரு. பெரிய பெரிய டாக்டருகளே முன்னாடி அப்பிடித்தான் நம்பிக்கிட்டிருந்தாங்க. 1984-ல அமெரிக்காவுல சில பேருக்கு வேணும்னே ஒசரமா உறை போட்டுப் பாத்தாங்க. கடி கூடும்னு பாத்தா, பெரும்பாலானவங்களுக்கு மொத சில ராத்திரி கொறஞ்சு போச்சு. ராவுன பல்லு மறுக்கா மொளைக்காது கண்ணு.

கனடாவுலயே விசாரிச்சதுல, வளந்தவங்கள்ல நூத்துக்கு 8 பேரு கடிக்கறதாச் சொன்னாங்க. 60 தாண்டினா 3 பேருதான். நாங்கெல்லாம் திருந்தீட்டோம்னு நெனைச்சுக்காதே. கடிக்கப் பல்லு வேணும், அதைக் கேக்கப் பக்கத்துல படுக்கறவளுக்குக் காதும் வேணும். உன்ற அம்மாயிக்கு இடி உழுந்தாலே கேக்காது. தனியாப் படுக்கறவன் பாடு இன்னும் மோசம், காலைல தாடை வலியும் பொட்டு வலியும் வந்தாத்தான் சந்தேகமே வரும்.

சரி, என்ன பண்றதுங்கறயா? பொழுது எறங்கினா காப்பியை நிறுத்து. பொடக்காளில ஒளிஞ்சு பீடி குடிக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? புகை குடிக்கறவங்களுக்குக் கிட்டத்தட்ட 2 மடங்குன்னு அதே மாண்ட்ரீல்காரங்கதான் சொல்றாங்க. சனிக்கெழமை தண்ணி போடற சமாச்சாரத்தை நான் பேசப் போறதில்லை, அதுவும் இதைக் கூட்டும்.

அப்பறம் பல் டாக்டருகிட்டப் போனா, அச்செடுத்து மேல் பல்லுக்கு ஒரு உறை செஞ்சு குடுப்பாங்க. நைட் கார்டுங்கறாங்க. கடிக்கறதை அது நிறுத்தாது. நீ கடிக்கறது பல்லுக்குப் பதிலா உறையைத் தேய்க்கும், அவ்வளவுதான். கொறட்டை விட்டு, நடுவுல மூச்சு நின்னு நின்னு வர்ற ஆளா இருந்தா அதை மொதல்லயே சொல்லிப்போடோணும். அந்த மாதிரி சிலருக்கு உறை போட்டா மூச்சுத் தடை கூடிப் போறதைப் பாத்திருக்கறாங்க. இதுக்கும் சாட்சி உன்ற பொண்டாட்டிதான், அவளையே கூட்டிக்கிட்டுப் போ.

உறையைச் சுடுதண்ணியில கழுவாதே, வளைஞ்சு போயிரும். காலைல கழட்டுனா டப்பாவுல போட்டு மூடி, ஒசக்க வையி. திண்ணையில வச்சீன்னா நம்ம கருப்பன் தூக்கிக்கிட்டுப் போயிருவான், நாய்க்கு எச்சி வாசம்னா உசுரு. அவனுக்குப் பல்லும் நல்லாருக்குது, தூக்கத்துல கடிக்கறதும் இல்லை.