கோயில் வாசல் நாத்திகர்

கோயில் வாசல் நாத்திகர் என்பவர், கடவுள் இல்லை என்பதில் துளியும் சந்தேகம் இல்லாமல், மாதம் இரண்டு முறையாவது கோயிலுக்குப் போய் வருபவர். மனைவியையோ தாயையோ மாமியாரையோ வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். கோபுர வாசலைத் தாண்ட மாட்டார். பெரும்பாலும் நாற்பதைக் கடந்தவர். பள்ளிக்கூடம், மின்வாரியம், வங்கி, போக்குவரத்துக் கழகம் ஆகிய இடங்களில் அதிகம் தென்படுவார். தமிழ்நாட்டில் இவர் இல்லாத ஊர் இல்லை.

இவருடைய வம்சாவளி 1925இல் தொடங்குகிறது. பெரியார் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கியதும் ‘குடிஅரசு’ இதழ் வெளிவந்ததும் அந்த ஆண்டில்தான். தாத்தா அந்த இதழைத் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்தவர். அப்பா ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர். அத்தகைய திருமணங்கள் செல்லும் என்று அண்ணா ஆட்சி 1967இல் சட்டம் கொண்டுவந்தபோது இனிப்பு வழங்கியவர். மூன்றாம் தலைமுறையான இவருடைய கல்யாணத்தில் சமரசம் ஏற்பட்டது. பத்திரிகையில் முகூர்த்த நேரம் அச்சிடக் கூடாது என்றார். பெண் வீட்டாரும் அச்சிடவில்லை. ஆனால் ராகுகாலம் முடியும்வரை மணப்பெண்ணின் அலங்காரம் மட்டும் முடியவே இல்லை.

உடை கறுப்புச் சட்டை. பத்து மாதங்கள் அது கொள்கையின் அடையாளமாக இருக்கும். கார்த்திகை முதல் தேதி ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டதும் நிலைமை மாறிவிடும். பேருந்தில் நடத்துநர், “சாமி, சில்லறையா குடுங்க” என்பார். பக்கத்தில் இருப்பவர் எழுந்து, “உக்காருங்க சாமி” என்று இடம் கொடுப்பார். தாம் சாமி இல்லை என்றும், சாமியே இல்லை என்றும் நெரிசலில் விளக்க முடியாது. தை பிறக்கும்வரை இவர் வெள்ளைச் சட்டை அணிவது இதனால்தான்.

கோயில் வாசலில் இவர் நிற்கும் இடம் பெரும்பாலும் பூக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருக்கும். காலடியில் மூன்று ஜோடிச் செருப்பு, கையில் ஹெல்மெட், சட்டைப் பையில் மனைவியின் செல்போன். இவரைப் போல இன்னும் இரண்டு மூன்று பேர் அங்கே நிற்பார்கள். ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொள்வதோடு சரி, இயக்கமாகத் திரள்வதில்லை. கோயிலைப் பற்றி உள்ளே போகிறவர்களைவிட இவருக்கு அதிகம் தெரியும். எந்தச் சுவரில் சோழர் கல்வெட்டு இருக்கிறது, அதில் எத்தனை வேலி நிலம் எழுதியிருக்கிறது, பிரதோஷத்தன்று எந்தப் பக்கம் கூட்டம் குறைவு என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். புறப்படும் நேரத்தில் வீட்டில் நடக்கும் உரையாடல் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்:

“பன்னெண்டு மணிக்கு நடை சாத்திருவாங்க. இன்னும் பூ வச்சு முடியலையா?”

“நம்பாத மனுஷனுக்கு எதுக்குங்க இவ்வளவு அவசரம்?”

“சாமி இல்லைங்கறது என் கருத்து. நடை சாத்தறது எல்லாருக்கும் பொதுவான உண்மை.”

உணவில் இவர் எந்த மதத்துக்கும் விரோதி அல்லர். புளியோதரை, சுண்டல், சர்க்கரைப் பொங்கல், ரமலான் மாதத்து நோன்புக் கஞ்சி, கிறிஸ்துமஸ் கேக் அனைத்தையும் சமமாக ஏற்பார். திருப்பதி லட்டு 2009இலும் பழனி பஞ்சாமிர்தம் 2019இலும் புவிசார் குறியீடு பெற்றவை. ஆகவே அவை அரசு சான்றளித்த பண்டங்கள் என்பது இவருடைய வாதம். இரண்டாவது லட்டை எடுக்கும்போதும் இதையே சொல்வார்.

திருநீறு சற்றுச் சிக்கலான விஷயம். தாமாக எடுத்துப் பூச மாட்டார். எண்பது வயது மாமியார், “மாப்பிள்ளை, கொஞ்சம் குனிங்க” என்று விரலை நீட்டினால் குனிந்துவிடுவார். யாராவது கேட்டால், குன்றக்குடி மடத்துக்குப் போன பெரியாரே அங்கே கொடுத்த திருநீற்றை மறுக்காமல் ஏற்றார் என்ற செய்தியை எடுத்து வைப்பார். பெரியாருக்கும் குன்றக்குடி அடிகளாருக்கும் இருந்த நட்பு இவருக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

இந்த இனத்தில் மூன்று உட்பிரிவுகள் உண்டு. முதல் பிரிவினர் முழு நாத்திகர், வாசலோடு நிற்பவர். இரண்டாம் பிரிவினர், “சாமி கிடையாது, ஆனா ஏதோ ஒரு சக்தி இருக்கு” என்பவர்கள், கொடிமரம்வரை வருவார்கள். மூன்றாம் பிரிவினர் மருத்துவமனையில் உருவாகிறவர்கள். இவருக்கு அறுவைச் சிகிச்சை நடக்கும்போது மனைவி பழனிக்கு மொட்டை நேர்ந்துகொள்வார். நேர்த்திக்கடன் மனைவியுடையது, தலை இவருடையது. உடம்பு தேறியதும் பழனிக்குப் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு வந்து, கோடை வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்று அலுவலகத்தில் சொல்வார். இதை மனமாற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முடி வளர்ந்ததும் பழையபடி வாசலுக்குத் திரும்பிவிடுவார்.

விவாதத்தில் இவருக்கு எழுதாத விதிகள் சில இருக்கின்றன. டீக்கடையில் கடவுளை ஒழித்துக்கட்டுவார். விரதம் இருப்பவரிடமும், நோயாளியிடமும், துக்க வீட்டிலும் வாய் திறக்க மாட்டார். ஆனால் பரிகாரம் என்று பணம் பறிப்பவரைக் கண்டால் மரியாதை பாதியில் நின்றுவிடும். சாதி பார்த்துத் தடுக்கும் கோயிலைப் பற்றிப் பேச்சு வந்தால் சிரிப்பும் நின்றுவிடும். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்க 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டத்தையும், 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் நடந்த ஆலயப் பிரவேசத்தையும் ஒரே மூச்சில் சொல்வார். பின்னது பக்தர் ஒருவர் நடத்திய போராட்டம் என்பதைக் கூடுதல் மரியாதையுடன் சொல்வார். தாம் நுழையாத கோயிலுக்குள் எல்லாரும் நுழைய வேண்டும் என்று தொண்டை வறள வாதாடுவது இந்த இனத்துக்கே உரிய குணம்.

இவருடைய மனைவியும் தனியாகக் கவனிக்கத் தக்கவர். “உள்ள வாங்க” என்று ஒருமுறைகூடக் கூப்பிட மாட்டார். சந்நிதியில் அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்கும்போது முதலில் இவருடைய பெயரைத்தான் சொல்வார். தம் நட்சத்திரம் என்னவென்று இவருக்குத் தெரியாது, மனைவிக்குத் தெரியும். தம் பெயரில் அர்ச்சனை நடக்கிறது என்பது இவருக்கும் தெரியும், கேட்டுக்கொள்வதில்லை. எப்படியும் ஒருநாள் இவர் உள்ளே வருவார் என்று மனைவியும், எப்படியும் ஒருநாள் அவர் வெளியே நின்றுவிடுவார் என்று இவரும் நினைத்துக்கொண்டிருப்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். இருவருக்கும் அவசரம் இல்லை. பிள்ளைகள் தேர்வுக்கு முன்னால் பிள்ளையாரையும் தேர்வுக்குப் பின்னால் பகுத்தறிவையும் நாடுகிறார்கள்.

இந்த இனத்தைக் கணக்கெடுப்பது கடினம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மதம் குறிப்பிடாதவர்கள் ஏறக்குறைய 28.7 லட்சம் பேர், அதாவது 0.24 சதவீதம். கோயில் வாசல் நாத்திகர்களில் பலர் இந்தக் கணக்கில் வந்திருக்க வாய்ப்பில்லை. கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்த நேரத்தில் பதில் சொன்னவர் மனைவி.

அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அனைவருக்கும் மனச்சான்றுச் சுதந்திரம் அளிக்கிறது. 1976இல் சேர்க்கப்பட்ட 51அ பிரிவு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் கடமையாக்கியது. ஒன்று மனைவிக்கும் மற்றொன்று கணவனுக்கும் எழுதியவை போலத் தோன்றினாலும் இரண்டும் இருவருக்கும் பொது. இரண்டையும் ஒரே ஸ்கூட்டரில் எப்படி ஏற்றிச் செல்வது என்று சட்டம் சொல்லவில்லை. அதை இவர்கள் தாமே கண்டுபிடித்துக்கொண்டார்கள். பிறருடைய நம்பிக்கையை மதிப்பதற்கு அதை நம்ப வேண்டியதில்லை. நடை சாத்துவதற்குள் கொண்டுபோய் விட்டால் போதும்.