லங்கர்ப் பருப்பின் அடர்த்தி: ஒரு முதற்கட்ட ஆய்வு

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் வீட்டில் பருப்பு ஏன் ஒருநாளும் சரியாக அமைவதில்லை என்ற வினாவை ஆய்வுலகம் இதுவரை தொட்டதாகத் தெரியவில்லை. கள ஆய்வு வேலூர் மாவட்டத்தில், என் பெரியப்பா வீட்டில், பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு வேளையில் நிகழ்ந்தது. வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பி 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை இருக்கிற மாவட்டம் அது. ஆகவே இடத்தேர்வில் யாரும் குற்றம் காண முடியாது. தகவலாளி ஒரே ஒருவர் என்பது குறைதான். ஆனால் அவர் பத்துப் பேர் அளவுக்குப் பேசுவார்.

முதலில் கலைச்சொற்கள். 'லங்கர்' என்பது ஜவான்களின் சமையற்கூடம். குருத்வாராவில் வழங்கும் அதே சொல். 'படா கானா' என்பது அதிகாரிகளும் ஜவான்களும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் பெருவிருந்து. இவ்விரண்டையும் உச்சரிக்கும்போது பெரியப்பாவின் குரல் அரைக் கட்டை ஏறும். 'மிலிட்டரி ஓட்டல்' இந்தப் பட்டியலில் சேராது. அங்கே தலைக்கறி உண்டு, நெத்திலி உண்டு, மிலிட்டரி மட்டும் கிடையாது. அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம், "எந்த ரெஜிமெண்டாம்?" என்று கேட்பார்.

சிக்கலான சொல் 'ரேஷன்'. பெரியம்மாவின் வழக்கில் அது நியாயவிலைக் கடை: வரிசையில் நின்று, கைரேகை பதியவில்லை என்று திரும்பி, மறுநாள் போய் முப்பது ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பும் இருபத்தைந்து ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயிலும் வாங்கி வருவது. பெரியப்பாவின் வழக்கில் ரேஷன் லாரியில் வரும்; ஆள் இருக்கிற இடத்தைத் தேடி வரும். "ரேஷன் வந்துடுச்சா?" என்று அவர் திண்ணையிலிருந்து கேட்பது இலக்கணப்படி சரியான கேள்வியே. அதற்கு அடுப்படியில் பாத்திரம் உருளும் ஓசை விடையாக வருவதை மொழியியலாளர்கள்தான் விளக்க வேண்டும்.

மளிகைக் கடை பற்றிய அவருடைய கருத்துகள் யாவும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை: கேன்டீன் ரேட். ராணுவக் கேன்டீன் துறை 1948இல் தொடங்கியது. இன்றும் அங்கே ஜிஎஸ்டியில் பாதிச் சலுகை உண்டு. இந்த இரண்டு உண்மைகளும் ஒரு மனிதரை அண்ணாச்சி கடையில் எப்படி நடந்துகொள்ள வைக்கும் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். சோப்பை எடுப்பார், எம்ஆர்பியைப் படிப்பார், அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்ப்பார், வைத்துவிடுவார். சூப்பர் மார்க்கெட்டோ அவருக்குக் கட்டுப்பாடே இல்லாத முகாம். "நாமளே பொறுக்கி நாமளே தூக்கிட்டு வரணும்னா அங்க எதுக்குய்யா இத்தனை பேரு?" பிறகு இரண்டு பேருந்து மாறி கேன்டீனுக்குப் போவார். ஒரு பயணத்தில் பற்பசையில் மிச்சம் பதினான்கு ரூபாய், பேருந்துச் செலவு அறுபது. கூடவே இரண்டு டப்பா ஷூ பாலிஷ். வீட்டில் ஷூ போடுகிறவர் யாருமில்லையே என்றேன். வந்த தூரத்துக்கு எதையாவது வாங்காமல் திரும்புவதா என்றார். இக்கோட்பாட்டைப் பொருளியல் துறைக்கு விட்டுவிடுகிறேன்.

டின் பற்றி ஒரு சிறு இடைக்குறிப்பு. டின் பாலை அவர் திருப்புளியும் சுத்தியலும் கொண்டே திறப்பார். ஓப்பனர் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். இது முரட்டுத்தனம் என்று நானும் நினைத்திருந்தேன். தகர டப்பாவுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கொடுத்தது 1810இல். ஓப்பனர் வர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது. அதுவரை உளியும் சுத்தியலுமே விதி. ஆக, பெரியப்பா மரபு பிறழாதவர்.

இனி முதன்மைக் கண்டுபிடிப்பு. ஓய்வு பெற்ற புதிதில் லங்கர்ப் பருப்பைப் பற்றி அவர் சொன்னது, "பரவாயில்லாம இருக்கும்." பத்தாண்டு கழித்து, "கரண்டி நிக்கும்." போன பொங்கலன்று, "நட்ட கரண்டியப் புடுங்க ரெண்டு ஆள் வேணும்." வயது ஏற ஏறப் பருப்பு இறுகுகிறது. இந்த வேகத்தில் இன்னும் ஐந்தாண்டில் அதைக் கடப்பாறையால்தான் பரிமாற வேண்டியிருக்கும்.

இவ்விதிக்கு எதிரான ஆவணம் ஒன்று பெரியம்மாவின் புடவைப் பெட்டியில் கிடைத்தது. 1986ஆம் ஆண்டு இன்லேண்டு கடிதம். அனுப்புநர் முகவரியில் 56 ஏபிஓ என்ற ராணுவ அஞ்சல் எண் மட்டும் இருப்பதால் பனியிலிருந்து எழுதினாரா பாலையிலிருந்தா என்று துணிய வழியில்லை. வாசகம் தெளிவு: "இங்கே பருப்பு குளத்துத் தண்ணி மாதிரி இருக்கு. ஒரு பருப்பைப் பார்த்தா பக்கத்துத் தட்டுக்காரன்கிட்ட காட்டுறோம். உன் கையால பருப்பு சாப்பிட்டு எட்டு மாசம் ஆச்சு."

ஆவணத்தைத் தகவலாளியின் முன் வைத்தேன். கண்ணாடி போட்டுப் படித்தார். முன்பக்கம், பின்பக்கம், மடிப்பு ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்த இரண்டு வரி. அதை மட்டும் எனக்குக் காட்டவில்லை.

"கையெழுத்து நம்மளதுதான்," என்றார். "அது ஃபீல்டுல இருந்தப்ப எழுதுனது. ஃபீல்டுக் கணக்கு வேற, பீஸ் ஸ்டேஷன் கணக்கு வேற."

பெரியம்மா வந்து கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டே, ராத்திரிக்கு என்ன செய்ய என்று கேட்டார்.

"சப்பாத்தி போட்டு, பருப்பு வையி," என்றார் பெரியப்பா. பெரியம்மா வாசற்படி தாண்டியதும் குரலை உயர்த்தினார்: "தண்ணியா வச்சிறாத."