ஓய்வூதியப் பயில்வான்

கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளுக்கு அடுத்தபடியாக இருந்த இடத்தை விட்டு அசையாதவர் என்று வீட்டில் பெயரெடுத்த மனிதர், அறுபது தாண்டிய பிறகு ஒருநாள் ஜிம்மில் சேருகிறார். அவரை அங்கே தள்ளியது டொக்டர். சீனி, பிரஷர், மாடிப்படியில் முழங்கால் போடும் சத்தம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நடக்கவும் வேணும், பாரம் தூக்கவும் வேணும்" என்று சொல்லிவிட்டார்.

நடப்பதில் அவருக்குக் கொள்கைப் பிரச்சினை. "வெள்ளவத்தைக்காரருக்கு மரைன் டிரைவ் இருக்கு, கடல் காத்து இருக்கு. எங்களுக்குப் பவுசர்தானே இருக்கு." 2022 இல் நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது வாங்கிய சைக்கிள் விறாந்தையில் நிற்கிறது. அதில் துவாய் காய்கிறது. ஆக, மிஞ்சியது ஜிம்தான்.

முதல் நாள் கோலம் பார்க்க வேண்டியது. புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்கிய சப்பாத்து, கனடா மகன் கொண்டுவந்த ரீசேட், கீழே பழைய கந்தோர்க் காற்சட்டை, அதுவும் பெல்ட்டோடு. கையில் ஒரு ஷொப்பிங் பேக். உள்ளே கிளினிக் கொப்பி, ஈசிஜி, எக்ஸ்ரே. வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, எல்லாவற்றையும் பயிற்சியாளர் பையனின் முன்னால் திகதி வாரியாக அடுக்குகிறார்.

பையன் கெட்டிக்காரன். ஒரு வாங்கைக் காட்டி, "அங்கிள், இதில இருங்க. கையை ஊண்டாம எழும்புங்க. பத்துத் தரம்" என்கிறான்.

அங்கிளுக்கு முகம் மாறுகிறது. "தம்பி, இருக்கிறதை நான் முப்பத்தஞ்சு வருசம் கந்தோரில செய்தனான். எழும்புறதுக்கு இப்ப காசு கட்ட வேணுமோ?"

ஏழாவது தரத்தில் வாங்கு அவரை விட மறுக்கிறது.

பிறகுதான் ஆராய்ச்சி தொடங்குகிறது. இந்த ஓய்வூதிய இனத்தவர் எதையும் படிக்காமல் செய்யமாட்டார்கள். படித்துவிட்டால் செய்யவேண்டிய அவசியமும் அவ்வளவாக இருக்காது. 1990 இல் வெளிவந்த பொஸ்டன் ஆய்வு இப்போது அவருக்கு மனப்பாடம்: முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதுக்காரர் 10 பேர், எட்டு வாரப் பயிற்சி, கால் பலம் சராசரி 174 வீதம் கூடியது. அவர் சொல்லும் தோரணையில், பதினோராவது ஆளாக இவரும் போய்வந்தவர் மாதிரித்தான் இருக்கும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலையைக் காக்கும் பயிற்சியும் செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் சொன்னதும் தெரியும். "பலன்ஸுக்கு ஜிம் எதுக்கு? கொலன்னாவை பஸ்ஸில பிடியை விட்டிட்டு நிண்டு பாரும்." இதில் அவர் சொல்வதை மறுக்க எனக்குத் துணிவில்லை.

இரண்டு வாரத்தில் ஜிம்மில் அவர் தொடாத கருவி பல. அவர் அரசியல் பேசாத ஆள் கிடையாது. ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டிருப்பவனிடம் போய், "தம்பிக்குச் சொந்த இடம் எது?" என்று கேட்பார். இடையிடையே கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று புஜத்தைத் தேடுவார். ஆரம்ப வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்பு பழகுவதால், தசை பெருக்க நாளெடுக்கும் என்று பையன் சொன்னால், "நரம்பு வெளியில தெரியாதே" என்று கவலைப்படுவார்.

ஆனால் டம்பெல்லைக் கையில் எடுத்ததும் அந்த வாய் பூட்டிக்கொள்கிறது. கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சை உள்ளே பிடித்துவைத்துக்கொள்கிறார். பிரஷர்காரர் செய்யவே கூடாத வேலை அது; மூச்சடக்கித் தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பையன் ஓடிவந்து, "ஹெமின், மெதுவா அங்கிள்! கதைச்சுக்கொண்டே தூக்குங்க" என்கிறான்.

அறுபது வருடத்தில் அவரைப் பார்த்துக் கதைக்கச் சொன்ன முதல் மனிதன். அன்றிலிருந்து இரண்டரைக் கிலோவைத் தூக்கித் தூக்கி, சம்பந்தி வீட்டுக் காணி வழக்கை முழுவதுமாகச் சொல்லிவருகிறார். வாங்கும் இப்போது பத்துத் தரமும் அவரை விட்டுவிடுகிறது.

போன கிழமை வீட்டில் சமையல் எரிவாயு வந்து இறங்கியது. பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டர், இரும்போடு அதற்கும் கூட. "இஞ்சாருங்கோ, இதைக் குசினிக்குள்ள ஒருக்கா வைச்சு விடுங்கோ" என்றார் மனுசி.

"இண்டைக்குக் கை நாள் இல்லையப்பா, கால் நாள்" என்று தொடங்கி, தசைக்கு ஏன் ஓய்வு தேவை என்று அவர் விளக்கி முடித்தபோது, குசினியில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.