யானை பாலக்காடு போன கதை

பொங்கல் வந்தால் பொள்ளாச்சியில் வெப்பக்காற்றுப் பலூன் திருவிழா. 2015 முதல் நடக்கிறது. 2025 ஜனவரியில் அங்கே கிளம்பிய யானை வடிவப் பலூன் ஒன்று, எந்தச் சோதனைச்சாவடியிலும் நிற்காமல் எல்லை தாண்டி, பாலக்காடு மாவட்டம் கன்னிமாரியில் ஒரு வயலில் இறங்கியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. வயல்காரருக்குத்தான் வழக்கமான யானைத் தொல்லை.

பலூனை ஏற்றலாம், இறக்கலாம். திருப்புவது காற்றின் இலாகா. அதனால்தான் காற்று அடங்கிய விடியலில் கிளம்புகிறார்கள். டிக்கெட் எடுத்தவருக்கோ மேகம் வந்தாலும் பறந்தாக வேண்டும்: “லேசான மேகம்தானே சார்?”

அமெரிக்காவில், டெக்சாஸின் லாக்ஹார்ட் அருகே 2016 ஜூலையில் அப்படித்தான் கிளம்பினார்கள். தாழ்ந்த மேகம் பற்றி பலூனோட்டிக்கு முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது. பலூன் மின்கம்பியில் மோதி, இருந்த 16 பேரும் இறந்தார்கள்.

பண்ருட்டிக்கும் பலூன் வேண்டும் என்று எங்கள் டீக்கடையில் ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. தாராளமாக வரட்டும். நெய்வேலி அனல்மின் நிலையங்களிலிருந்து உயர் அழுத்தக் கம்பிகள் நாலாபக்கமும் போகின்றன. கம்பி இல்லாத இடத்தில் முந்திரிக்காடு. அதுவும் இல்லையென்றால் பலாமரம். சீசனில் அதன்மேல் உட்கார்வது எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்று யார் பேச்சையும் கேட்காது என்று 2011 டிசம்பரில் தானே புயல் இந்த மரங்களைச் சாய்த்தே சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

“இன்று பறக்கவில்லை” என்று பலூனோட்டி சொன்னால், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.