பத்துப் பாடங்களில் பேனர்

கட்சியில் சேர்ந்து ஐந்து வருடமாகியும் மாவட்டச் செயலாளர் உங்களை 'அந்த உயரமான தம்பி' என்றுதான் சொல்கிறாரா? மனம் தளராதீர்கள். போராட்டம், சிறை, கொள்கை விளக்கக் கூட்டம் எல்லாம் உங்கள் தாத்தா காலத்து வழி. பேனர் ஓவியர் கட்டம் போட்டு, சாரத்தில் ஏறி, நாள்கணக்கில் வரைந்து முடிக்கும்வரை காத்திருந்த காலமும் போயிற்று. தெருமுனை ஃப்ளெக்ஸ் கடையில் காலையில் முன்பணம் கொடுத்தால் சாயங்காலம் நீங்கள் தலைவர். கீழே உள்ள பாடங்களில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம்தான். மீதியையும் தேறிவிடுங்கள்.

1. காரணத்துக்காகக் காத்திருக்காதீர்கள்

பிறந்தநாள், கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி என எதுவும் ஆகும். கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் ஒரு கூடுதல் கவனம் தேவை. இறந்தவரின் படம் ஓரமாக இருக்கட்டும். நடுவில் நீங்கள் கைகூப்பி நில்லுங்கள். போனவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். அழுதவர் யார் என்பதுதான் தெரிய வேண்டும்.

2. வாசகரை முடிவு செய்யுங்கள்

இதுதான் தொழில் ரகசியம். பேனருக்கு வாசகர் ஒரே ஒருவர்: காரின் பின் இருக்கையில் வரும் அண்ணன். அவர் கார் எந்தத் திருப்பத்தில் வேகம் குறைக்கும் என்று கணக்குப் போட்டு, அங்கே நடுங்கள். அது சிக்னல் விளக்கை மறைக்கிறதா, பள்ளிக்கூட வாசலை அடைக்கிறதா என்பதெல்லாம் வாசகர் அல்லாதவர்களின் பிரச்சினை.

3. தலைகளை அடுக்குங்கள்

மேல் வரிசையில், மேகத்துக்குள், மறைந்த தலைவர்கள். எந்தக் கழகமானாலும் அண்ணா பொது. ஒரே படத்தை இரண்டு தரப்பும் பயன்படுத்தலாம். அவருக்கு எலுமிச்சைப் பழ அளவு போதும். அடுத்துத் தலைவர், ஆளுயரத்தில். பிறகு மாவட்டம், ஒன்றியம், நீங்கள். மறைந்தவர்கள் சிறியதாகப் போனால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், மாவட்டம் கோபித்துக்கொள்வார். அளவுகோலை அவர் முகத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

அடிவரிசையில் பங்குப்பணம் கொடுத்தவர்களின் பாஸ்போர்ட் சைஸ் தலைகள், நாற்பது. ஒருவர் கைப்பேசியைக் காதில் வைத்திருப்பது கட்டாயம். கூலிங் கிளாஸ் போட்ட ஒரு குழந்தையும் இருக்கட்டும். வருங்காலம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

4. உடலைத் திருத்துங்கள்

போட்டோஷாப் தெரிந்த பையனிடம் தாராளமாகச் சொல்லுங்கள். தொப்பை குறையட்டும், முடி கூடட்டும், பக்கத்தில் ஒரு சிங்கம் நிற்கட்டும். அண்ணன் நேரில் வந்து இறங்கும்போது யாருக்கும் அடையாளம் தெரியாமல் போனால் படம் நன்றாக வந்திருக்கிறது என்று பொருள்.

5. தமிழை வாழவையுங்கள்

பட்டங்களைக் குறைக்காதீர்கள். 'வள்ளலே' என்று ஒன்றோடு நிறுத்துகிறவன் எதிர்க்கட்சிக்காரன். ஐந்து எழுத்துரு, மஞ்சள் கரை, சிவப்பு நிழல். ஒருங்குறியைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. கடைப்பையன் பழைய எழுத்துருவிலேயே தட்டட்டும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போனாலும் பரவாயில்லை. 'வாழ்துகிறோம்' என்று ஒற்று விழுந்த வரிக்கு மேலேயே 'தமிழ் வாழ்க' என்று பெரிதாகப் போடுங்கள். மெய்ப்புப் பார்க்க வேண்டியது ஒரே சொல்: அண்ணன் பெயர்.

6. சின்னத்தை நம்பாதீர்கள்

1951–52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஆளை அடையாளம் காண வேண்டும் என்றுதான் சின்னங்கள் வந்தன. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் ஜெயித்த இரட்டை இலை, 1989 தேர்தலில் முடங்கியது. ஒரு அணி சேவலுக்கும் மறு அணி இரட்டைப் புறாவுக்கும் ஓட்டுக் கேட்டன. 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் மறுபடி முடக்கம். இந்த முறை தொப்பியும் இரட்டை விளக்கு மின்கம்பமும். பாடம் என்ன? சின்னத்தைத் தேர்தல் ஆணையம் முடக்கலாம். உங்கள் முகத்தை முடக்க முடியாது. இலையைச் சுருக்கி முகத்தை விரியுங்கள். சூரியனுக்கும் இதே விதி.

7. அடுத்தவர் காசில் ஒட்டுங்கள்

சொந்தக் காசில் பேனர் வைப்பவன் கற்றுக்குட்டி. தேர்ந்தவர்கள் ஸ்டிக்கர் வைத்திருப்பார்கள். 2015 வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது, யாரோ அனுப்பிய நிவாரணப் பொட்டலங்களிலும் முதல்வர் படம் ஏறியதாகப் புகார் எழுந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் பசையும் கையுமாக நிற்பதற்கு எவ்வளவு தொண்டுள்ளம் வேண்டும்!

அரசு விளம்பரத்தில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகிய மூவர் படம் மட்டுமே வரலாம் என்று அதே 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதறாமல் மறுஆய்வு கேட்டார்கள். 2016இல் முதல்வர்களும் அமைச்சர்களும் பட்டியலில் ஏறினார்கள். பொறுத்தார் படம் ஆள்வார்.

ஒரு கெட்ட முன்னுதாரணத்தையும் சொல்லி எச்சரிக்க வேண்டும். 2021இல் ஆட்சி மாறியபோது, பழைய முதல்வர்கள் படம் போட்ட பள்ளிப் பைகள் மிஞ்சியிருந்தன. புதிய அரசு அவற்றைத் தூக்கிப் போடாமல் அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுத்தது. சுமார் 13 கோடி ரூபாய் மிச்சம் என்று செய்தி வந்தது. எல்லாரும் இப்படிக் கிளம்பினால் அச்சகக்காரர் பிழைப்பது எப்படி?

8. சட்டத்தை மதியுங்கள்

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959 முதல் இருக்கிறது. அவ்வளவு வயதானவரை மதிக்காமல் இருக்கலாமா? தூரத்திலிருந்து ஒரு கும்பிடு போடுங்கள். அனுமதி எண்ணைப் பேனரிலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. நாற்பது தலைகளுக்கு அடியில் எறும்பு அளவில் ஏதாவது ஒரு எண் போதும். இரண்டுக்கு மனுக் கொடுத்து இருபது வையுங்கள். எண்ணிப் பார்க்க வருகிற அதிகாரிக்கும் நாளைக்கு இடமாற்றல் வேண்டியிருக்கும்.

2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பேனருக்குத் தடையே போட்டது. உத்தரவை ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பேதமில்லாமல் எல்லாரும் வாசித்தார்கள். மறுநாள் கடைக்கும் போனார்கள். ட்ராஃபிக் ராமசாமி என்று ஒரு பெரியவர் வழக்குப் போட்டே நம்மைப் படுத்தினார். கையாலும் கிழித்தார். 2021இல் காலமாகிவிட்டார். அவருக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்திருக்கிறீர்களா?

9. கட்டுவது ஒரு கலை

கடப்பாரையால் நடைபாதையைப் பெயர்த்து சவுக்குக் கம்பத்தை நடுங்கள். அதிக ஆழம் வேண்டாம். எப்படியும் இரண்டு நாள் விழா. சாலை நடுவே தடுப்புச் சுவர் இருந்தால் இன்னும் வசதி, குழியே தேவையில்லை, கட்டுக்கம்பியால் சுற்றிவிடலாம். காற்று போக ஃப்ளெக்ஸில் ஆங்காங்கே ஓட்டை போட வேண்டும் என்று கட்டுகிற ஆள் சொல்லுவார். விடாதீர்கள். ஓட்டை அண்ணன் கன்னத்தில் விழுந்தால் உங்கள் கதி என்ன?

விழா முடிந்ததும் கழற்றாதீர்கள். தானாகக் கிழியட்டும், இல்லையேல் யாராவது கொண்டுபோகட்டும். இரண்டு மழைக்காலம் ஒரு குடிசைக்குக் கூரையாகத் தலைகீழாகக் கிடப்பார் அண்ணன். வீட்டு வசதித் திட்டத்தில் அவருடைய பங்களிப்பு அது.

10. விழுந்துவிட்டால்

2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில், ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் சாலை நடுவே கட்டிய பேனர், ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த ஒரு பெண் மீது விழுந்தது. அவர் தடுமாறி விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அவர் ஒரு பொறியாளர், வயது 23. உயர் நீதிமன்றத் தடைக்கு அப்போது ஒன்பது மாதம்.

இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கட்டியவரா போய்த் தள்ளினார்? வழக்குப் போடுவதானால் காற்றின் மீதுதான் போட வேண்டும் என்று அந்த ஆளுங்கட்சியின் மூத்த தலைவர் ஒருவர் பேட்டியில் விளக்கினார். மூன்றே வாரத்தில், மாமல்லபுரத்துக்கு வரும் சீன அதிபரையும் பிரதமரையும் வரவேற்கப் பேனர் வைக்கலாமா என்று மாநில அரசே உயர் நீதிமன்றத்தில் கேட்டது. விதிகளின்படி வைத்துக்கொள்ளலாம் என்று பதில் கிடைத்தது.

பாடங்கள் முடிந்தன. அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் பார்க்கப் போகும்போது, அண்ணன் கார் வரும் வழியோடு சேர்த்து, சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தச் சாலையில் வீடு திரும்புகிறவர்களையும் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அவர்களில் ஒருவர்கூட உங்கள் பேனரைப் படிப்பதில்லை. ஆனால் அதற்கு அடியில்தான் போகிறார்கள்.