சாய்ந்து நிற்றலின் இயக்கவியல்: ஜோர்டன் கட்டலானோவை முன்வைத்து

சாய்ந்து நிற்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட தொலைக்காட்சிப் பாத்திரம் ஜோர்டன் கட்டலானோ. 'மை சோ-கால்ட் லைஃப்' என்ற அமெரிக்கத் தொடரில் ஜாரெட் லெட்டோ நடித்தது. வின்னி ஹோல்ஸ்மன் உருவாக்கிய இத்தொடரை 1994 ஆகஸ்ட் 25 முதல் ஏபிசி ஒளிபரப்பியது. 1995 ஜனவரி 26 அன்று 19 அத்தியாயங்களோடு கதை முடிந்தது.

ஆய்வுக்களம், பிட்ஸ்பர்க் அருகே கற்பனையாக அமைந்த ஓர் ஊரின் லிபர்ட்டி உயர்நிலைப் பள்ளி வராந்தா. செய்முறை எளிது: தோள் லாக்கர் கதவில், உடல் எடை ஒற்றைக் காலில், முடி நெற்றியில், கண் பாதி மூடியபடி. இதைக் கூர்ந்து நோக்கிப் பதிவு செய்தவள், 15 வயது ஏஞ்சலா சேஸ். அவனை ஏன் பிடிக்கும் என்பதற்கு முதல் அத்தியாயத்திலேயே அவள் காட்டும் சான்று, அவன் சாயும் அழகுதான். காதலின் பெயரால் இதைவிடப் பலவீனமான சான்றுகளும் ஏற்கப்பட்டுள்ளன.

சாய்வுக்கு ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. ஜோர்டனுக்குச் சரியாக வாசிக்க வராது. வகுப்புக்குள் போனால்தானே எழுந்து படி என்பார்கள். வராந்தாவில் சாய்ந்திருப்பவனிடம் யாரும் புத்தகத்தை நீட்டுவதில்லை. மெத்தனமாகத் தெரிவது உண்மையில் தற்காப்பு. தொடர் இதை அவசரப்படாமல், அவனைக் கேலி செய்யாமல் வெளிக்கொணர்ந்தது. அதன் ஆகச்சிறந்த வேலை இதுவே.

இனி, தோல்வி. வியாழன் இரவு 8 மணி இத்தொடருக்கு ஒதுக்கப்பட்டது. அதே நேரத்தில் என்பிசி அலைவரிசையில் 'மேட் அபவுட் யூ', அதையொட்டி அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய 'பிரண்ட்ஸ்'. பின்னதில் ஆறு பேர் காபிக் கடை சோபாவில் சொகுசாக உட்கார்ந்திருந்தனர். சாய்பவனுக்கும் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நடந்த போட்டியில், தாங்களும் உட்கார்ந்தே டிவி பார்க்கும் பொதுமக்கள் யார் பக்கம் நிற்பார்கள் என்பதற்குத் தனி ஆய்வு தேவையில்லை. பதின்வயதினருக்குப் பிடித்திருந்தது என்ற வாதமும் எடுபடவில்லை. மொத்தத் தலைகளை எண்ணும் ரேட்டிங் கணக்கில் அவர்களின் எண்ணிக்கை போதவில்லை.

ஏஞ்சலாவாக நடித்த கிளேர் டேன்ஸ் 1995 ஜனவரி 21 அன்று கோல்டன் குளோப் வென்றார். ஐந்தாம் நாள் கடைசி அத்தியாயம் வந்தது. அதன் முடிவில் ஜோர்டனின் காரில் ஏறி ஏஞ்சலா போய்விடுகிறாள். ஓட்டுநர் இருக்கையில் ஜோர்டன், ஒருவழியாக உட்கார்ந்தபடி. பிறகு எம்டிவி மறுஒளிபரப்பு செய்தபோது, அவன் மறுபடி லாக்கரில் சாய்ந்தான். இம்முறை பார்க்க ஆள் சேர்ந்தது.