மொபெட்காரர் வாங்கிய சீமை பைக்

மத்தூர்ப் பக்கம் டிவிஎஸ் மொபெட் ஒன்று இரண்டு மாங்கூடை, மனைவி, பிள்ளை, மேலே தீவன மூட்டை என்று போகும். இதை உற்பத்தித்திறன் என்று எந்தப் பேராசிரியரும் கணக்கில் எடுத்ததில்லை.

1980-இல் அந்த டிவிஎஸ் 50-ஐப் பெற்றெடுத்த ஓசூர், 2020 ஏப்ரலில் பர்மிங்காமில் 1898-இல் பிறந்த நார்ட்டன் பைக் கம்பெனியை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2022-இல் அறிவித்த கூடுதல் முதலீடோ 10 கோடி பவுண்டு. மாட்டு விலையைப் போல ஆறு மடங்கு தீவனச் செலவு!

வளரும் நாட்டுக் கம்பெனிகள் வெளிநாடு போவது தொழில்நுட்பம் கற்க என்கின்றன பாடப்புத்தகங்கள். போன இடத்திலோ, பழைய நிர்வாகம் விட்டுப்போன வி4 பைக்கின் கோளாறுகளைத் திருத்தவேண்டியிருந்தது. சோலிஹல்லில் புதுத் தொழிற்சாலையும் கட்டவேண்டியிருந்தது. பேராசிரியர்களே, அடுத்த பதிப்பிலாவது அந்தப் பக்கத்தை மாற்றி எழுதுங்கள்.